தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தும்பா விண்வெளி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. இந்தியாவின் முதல் ராக்கெட் மேலே சென்ற இடம், ஒரே நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று வீட்டில் கொண்டுவந்து விடக்கூடிய தூரத்தில் அமைந்திருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, அரபிக் கடலோரத்தில் உள்ள தும்பாவில், முன்பு புனித மகதலா மரியா ஆலயமாக இருந்த கட்டடத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அருங்காட்சியகம் 1985 முதல் நடந்துவருகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர்களுக்காக, சில பயணங்களில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் பயணத்தில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி வாடகை கொடுத்தாகிவிட்டது என்பதற்காக, அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை, கோவளம் கடற்கரை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அடுக்கினேன். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் குரங்கைப் பற்றியும் அலையைப் பற்றியும் பேசினார்கள். ராக்கெட்டைப் பற்றிப் பேசியவர்கள் மூவரோ நால்வரோதான். பிள்ளைகள் மீது தவறில்லை. குரங்கும் அலையும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் அவற்றோடு உடனே ஒட்டிக்கொண்டார்கள். ராக்கெட்டோ, அவர்களுடைய அனுபவத்தில் எதோடும் சேராத, வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பெரிய குழாயாக நின்றுவிட்டது. அதன் பிறகு நான் பயண நாளைவிட, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கே கூடுதல் உழைப்பைக் கொடுக்கத் தொடங்கினேன்.

முந்தைய இரண்டு வாரங்கள்

முதலில் ஒரு நீளமான கயிறு வாங்குங்கள். 50 மீட்டர் இருந்தால் போதும். பிள்ளைகளையே அளக்கச் சொல்லி, 22 மீட்டரில் ஒரு முடிச்சும் 43.5 மீட்டரில் இன்னொரு முடிச்சும் போட வையுங்கள். முதல் முடிச்சு, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்எல்வி-3 ஏவுகலத்தின் உயரம். இரண்டாவது முடிச்சு, 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏந்திச் சென்ற எல்விஎம்-3இன் உயரம். பள்ளி மைதானத்தில் கயிற்றை நேராக விரித்து, பிள்ளைகளை அதன் ஓரமாக வரிசையாகப் படுக்க வைத்து, எத்தனை பேர் சேர்ந்தால் ஓர் எஸ்எல்வி ஆகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் ராக்கெட்டைப் பார்த்ததும் “நம்ம கயிறு” என்று அவர்கள் கூவும்போது, இந்தச் சிறிய வேலையின் பயன் உங்களுக்கே தெரியும்.

அதே எஸ்எல்வி-3ஐ வைத்து எடையையும் புரியவைக்கலாம். அது தூக்கிச் சென்ற ரோகிணியின் எடை 35 கிலோ. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் தம் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி நின்றால் ஏறக்குறைய அவ்வளவு காட்டும். அந்த 35 கிலோவை மேலே கொண்டுபோக, 17 டன் எடையுள்ள ராக்கெட் தேவைப்பட்டது. அதாவது, ஒருவரை மாடியேற்ற ஏறக்குறைய 485 பேர் எடையுள்ள ஏணி வேண்டியிருந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். ஏன் இவ்வளவு பெரிய ராக்கெட், இவ்வளவு சிறிய செயற்கைக்கோள் என்ற கேள்வி அப்போதே எழும். ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருள்தான் என்பதையும், அது எரிந்து தீர்ந்த அடுக்கைச் சுமந்துகொண்டு போகாமல் கழற்றி விட்டுவிடுகிறார்கள் என்பதையும் அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னால் எளிதில் பதியும். வகுப்பில் செய்து காட்ட ஊதிய பலூன், உறிஞ்சுகுழல், நூல் ஆகிய மூன்றும் போதும்: வகுப்பறையின் இரு சுவர்களுக்கிடையே நூலைக் கட்டி, அதில் கோத்த உறிஞ்சுகுழலில் பலூனை ஒட்டி, வாயைத் திறந்துவிட்டால், காற்று ஒருபுறம் வெளியேற பலூன் மறுபுறம் பாயும்.

தூரத்தைப் புரியவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். பாடநூல் படங்களில் பூமியும் நிலவும் அருகருகே இருப்பதால், பெரியவர்களுக்கும் இதில் தவறான எண்ணமே இருக்கிறது. ஒரு கூடைப்பந்தைப் பூமியாகவும் ஒரு டென்னிஸ் பந்தை நிலவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அளவு விகிதம் ஏறக்குறையச் சரியாகவே அமையும். நிலவு எங்கே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலோர் ஒரு முழம் தள்ளிக் காட்டுவார்கள். பிறகு ஒரு சணல் நூலைக் கூடைப்பந்தின் நடுவில் ஒன்பதரைச் சுற்றுச் சுற்றி, அதைப் பிரித்து நீட்டச் சொல்லுங்கள். நூல் முடியும் இடத்தில், ஏழு மீட்டருக்குச் சற்று அப்பால், நிலவு நிற்கும். அதே கூடைப்பந்தில் விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டர் உயரம் எவ்வளவு என்று கேளுங்கள். விடை, பந்தின் தோலிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்.

இந்த 100 கிலோமீட்டரைப் பயணத்தோடு இணைத்துவிடலாம். நாகர்கோவிலிலிருந்து தும்பா சுமார் 80 கிலோமீட்டர். நம் பேருந்து மேல்நோக்கிச் செல்லக்கூடியதாக இருந்தால், தும்பா போய்ச் சேரும் தூரத்தையும் அதற்கு மேல் இன்னும் 20 கிலோமீட்டரையும் ஓடினாலே விண்வெளியைத் தொட்டுவிடும் என்று முந்தைய நாள் மாலையில் சொல்லி வையுங்கள். மார்த்தாண்டம் வந்ததும் “சார், இப்போ எவ்வளவு உயரம்?” என்று பேருந்தில் கேள்வி எழும். நமக்கு மூன்று மணி நேரம் ஆகும் தூரத்தை ஒரு ராக்கெட் சில நிமிடங்களில் கடக்கிறது என்பதை, கால் மரத்துப்போய் இருக்கையில் நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு விளக்கவே வேண்டியதில்லை.

தும்பாவின் கதையைச் சரியாகச் சொல்லுங்கள்

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஆசிரியர்களே பல முறை தவறாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தும்பா புவிநடுக்கோட்டில் இல்லை. அது வடக்கே எட்டரை டிகிரியில் இருக்கிறது. அதன் அருகே சென்றது பூமியின் காந்த நடுக்கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே, நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில், வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராய்வதற்கு அந்தக் கோட்டின் அருகிலிருந்தே சிறிய ஆய்வு ராக்கெட்டுகளை அனுப்ப வேண்டியிருந்தது. நான்காம் வகுப்புக்கு இவ்வளவு வேண்டாம் என்று நினைத்தால், பூமி ஒரு பெரிய காந்தம், அந்தக் காந்தத்தின் இடுப்புப் பகுதி இந்த ஊருக்கு மேலே போயிற்று என்று சொன்னால் போதும். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்து, நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அது வடக்கும் தெற்குமாகத் திரும்பி நிற்பதைக் காட்டிவிட்டு இதைச் சொல்லுங்கள்.

1963 நவம்பர் 21 அன்று மாலை, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அது அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி. அதில் வைத்திருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. சூரியன் மறைந்த வானத்தில் அந்த ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. ஊரில் 70 வயதைக் கடந்த தாத்தா, பாட்டி யாராவது அதைப் பார்த்ததாக நினைவு வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுங்கள். பார்த்தவர் கிடைக்காவிட்டாலும், அன்றிரவு அந்த வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 அன்று, நாமே செய்த முதல் ராக்கெட்டான ரோகிணி-75 மேலே சென்றது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். வீட்டில் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரின் வாய் அகலம்தான். ஒரு டம்ளரைக் கையோடு எடுத்துச் சென்று அங்கே உள்ள ராக்கெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், டம்ளர் அளவிலிருந்து எல்விஎம்-3 வரை வந்த வளர்ச்சியைப் பிள்ளைகள் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுங்கள். மாட்டுவண்டியில் செயற்கைக்கோள் இருக்கும் படமும், மிதிவண்டியில் ராக்கெட்டின் கூம்பைக் கட்டிக்கொண்டு போகும் படமும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். மிதிவண்டிப் படம் தும்பாவில் 1960களில் எடுக்கப்பட்டது. மாட்டுவண்டியில் இருப்பது 1981இல் ஏவப்பட்ட ஆப்பிள் செயற்கைக்கோள். அது பெங்களூரில், கருவிகளைச் சோதிக்கும்போது எடுத்த படம். உலோகப் பரப்பு சோதனைக்கு இடையூறாக இருக்கும் என்பதால் மரவண்டி தேவைப்பட்டது. வண்டிக்கு வழியில்லாத ஏழ்மையின் படமாக அதைக் காட்ட வேண்டாம்.

அந்த ஆலயம்தான் அங்குள்ள காட்சிப் பொருள்களில் எல்லாம் பெரியது என்பது என் எண்ணம். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய அறிவியலாளர் விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் சென்று, அறிவியல் ஆய்வுக்காக அந்த ஆலயத்தையும் சுற்றியுள்ள இடத்தையும் தர முடியுமா என்று கேட்டார். ஆயர் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் மக்களிடமே அதைக் கேட்டார், மக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆலயம் அலுவலகமாகவும், ஆயர் இல்லம் பணியிடமாகவும், அருகிலிருந்த மாட்டுத் தொழுவம் ஆய்வகமாகவும் மாறின. இராமேசுவரத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் அப்துல் கலாமும் அங்கே பணியாற்றினார். இந்தக் கதையைச் சொல்லும்போது மீனவக் குடும்பங்கள் தங்கள் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தன என்பதை விட்டுவிடாதீர்கள். நம் வகுப்புகளில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டையும் வழிபட்ட ஆலயத்தையும் கொடுப்பது என்றால் என்னவென்று அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஒரு முறை ஒரு சிறுமி, “அப்போ அவங்க படகை எங்க வெச்சாங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளாக இருந்தால், இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன், 2025 ஜனவரியில் அப்பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் ஆகிய இருவரும் இதே மாவட்டத்தின் கிராமங்களில் பிறந்தவர்கள் என்பதையும், சிவன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர் என்பதையும் சொல்லுங்கள். நீளமாகப் புகழ வேண்டியதில்லை; ஊரின் பெயரைச் சொன்னாலே போதும், அதற்கு அடுத்த ஊர்ப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

அனுமதியும் ஏற்பாடும்

வேறு மாநிலத்துக்குச் செல்வதால், தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்; வாய்மொழி ஒப்புதலை நம்பிப் புறப்பட வேண்டாம். பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில், பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, பேருந்தில் வாந்தி ஆகியவை உண்டா என்பதற்குத் தனி இடம் விடுங்கள். வாடகைப் பேருந்தாக இருந்தால், கேரளத்துக்குள் நுழைவதற்கான தற்காலிக அனுமதியும் வரியும் செலுத்தப்பட்டுவிட்டனவா என்று உரிமையாளரிடம் கேட்டு, அந்தத் தாளை முந்தைய நாளே கண்ணால் பாருங்கள். ஒரு முறை களியக்காவிளையில் இதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றிருக்கிறோம்.

அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே பள்ளியின் முத்திரையோடு கடிதம் எழுதி, தேதி, மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, உடன் வரும் பெரியவர்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். விடுமுறை நாள்கள், பார்வை நேரம், கைப்பேசியும் ஒளிப்படக் கருவியும் எதுவரை அனுமதிக்கப்படும், சக்கர நாற்காலி செல்லச் சாய்தளம் உண்டா ஆகியவற்றை அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்குரிய வளாகத்தை ஒட்டிய இடம் என்பதால், பெரியவர்கள் அனைவரும் அடையாள அட்டையின் மூலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். விளக்கம் சொல்பவர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பேசக்கூடும். எல்லைப்புற ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் ஓரளவு பழக்கம்தான் என்றாலும், தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் அவருக்கு அருகிலேயே நிற்பது நல்லது.

மாதங்களில் ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. ஜூன், ஜூலையில் கேரளத்து மழை. அக்டோபர், நவம்பரில் நம் பக்கத்து மழை. அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் என்பதால் அப்போது நிகழ்ச்சிகள் இருக்கலாம். ஆனால் கூட்டமும் இருக்கும் என்பதால், சிறு பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டணத்தை மூடிய உறையில் வாங்குங்கள். கொடுக்க முடியாத வீடுகள் எவை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்தத் தொகையைப் பள்ளியோ முன்னாள் மாணவர்களோ ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை முன்பே செய்துவிட்டு, அது அந்தப் பிள்ளைக்கும் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பணமில்லாததால் ஒரு பிள்ளை அன்று வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்க நேர்ந்தால், அந்தப் பயணத்தை நடத்தாமலிருப்பதே மேல்.

பயண நாள்

காலை ஆறு மணிக்குள் புறப்பட்டு, நகருக்குள் நுழையாமல் கழக்கூட்டம் செல்லும் புறவழிச்சாலையில் சென்றால், பள்ளி, அலுவலக நெரிசலிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். புறப்படும் முன் இட்லி போன்ற எளிய உணவு போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வாந்தி வரும் பிள்ளைகளை முன்பக்கச் சன்னலோரம் அமர்த்தி, உறைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மதிய உணவுக்குப் புளிச்சாதம் நல்லது. தயிர்ச்சாதம் வெயிலில் புளித்துவிடும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, நாள் முழுவதும் அந்தக் குழுவை மாற்றாமல் வைத்திருங்கள். கழுத்து அட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். பிள்ளையின் பெயர் வெளியே தெரிய வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கழிப்பறையிலிருந்து திரும்பும்போதும் எண்ணிப் பார்ப்பதை ஒருவரே செய்ய வேண்டும். இருவர் எண்ணினால் ஒருவரை ஒருவர் நம்பி இருவருமே விட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

உள்ளே நாற்பது நிமிடம், வெளியே நிறுத்தப்பட்டுள்ள ராக்கெட்டுகளின் அருகே ஏறக்குறைய அதே அளவு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் கவனம் அதற்கு மேல் தாங்காது. எல்லாவற்றையும் பார்க்க வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்வதுதான் அன்று ஆசிரியருக்குக் கடினமான வேலை. முதல் பத்து நிமிடம் அவர்கள் விருப்பம்போல் சுற்றட்டும். பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளின் முன் அமர்ந்து, தேர்வு எழுதும் அட்டையில் வைத்த வெள்ளைத் தாளில் அதை வரையட்டும். கோடிட்ட இடம் நிரப்பும் தாள்களைக் கொடுத்த ஆண்டில், பிள்ளைகள் பொருளைப் பார்க்காமல் பெயர்ப் பலகையைத் தேடி விடையை நகலெடுத்தார்கள். வரையும்போது அப்படிச் செய்ய முடியாது. இறக்கை எத்தனை, அடுக்குகள் எங்கே சேர்கின்றன, எந்தப் பகுதி எரியும் என்று பொருளையே பார்த்தாக வேண்டும். நீங்கள் அருகில் அமர்ந்து, “இதுல கடைசியா மிஞ்சுறது எதுன்னு நினைக்கிற?” என்பது போன்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

விண்வெளியில் எப்படிக் கழிப்பறை செல்வார்கள் என்று எவராவது நிச்சயம் கேட்பார்கள். சிரித்து ஒதுக்காமல், எடையின்மையில் எதுவும் கீழே விழாது, எனவே காற்றால் உறிஞ்சும் கருவி தேவைப்படுகிறது என்று விளக்கினால், எடையின்மையைப் பற்றி அதைவிட நல்ல பாடம் கிடையாது. 1984இல் ராகேஷ் சர்மாவும் 2025இல் சுபான்சு சுக்லாவும் அந்த நிலையில் வாழ்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நேரம் மிஞ்சினால், திருவனந்தபுரம் நகரிலுள்ள பிரியதர்சினி கோளரங்கத்தை மட்டும் சேர்க்கலாம். அங்கே விளக்கணைந்து முழு இருட்டாகும் என்பதை முன்பே சொல்லி, இருட்டுக்கு அஞ்சும் பிள்ளைகளை ஆசிரியருக்கு அருகில் அமர்த்துங்கள்.

திரும்பி வந்த பின்

மறுநாளே பயணக் கட்டுரை எழுதச் சொன்னால், எல்லாத் தாள்களிலும் “நாங்கள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம்” என்றே வரும். அதற்குப் பதிலாக, வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளைக்கு இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியை எழுத வையுங்கள். விடை உங்களுக்கும் தெரியாவிட்டால், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். அடுத்து இஸ்ரோ எதையாவது ஏவும்போது நேரலையைப் பள்ளியில் ஒன்றாகப் பாருங்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தைப் பற்றி அப்போது பேசலாம். சில ராக்கெட்டுகள் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: உலக உருண்டையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு நூலைப் பிடித்தால் இலங்கை குறுக்கே வருவதையும், குலசேகரன்பட்டினத்திலிருந்து பிடித்தால் கடல் மட்டுமே இருப்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முடிச்சுகளில் பிள்ளைகளின் கையெழுத்தில் ராக்கெட்டுகளின் பெயர் எழுதிய துணியைக் கட்டி, பேருந்து உரிமையாளர், அருங்காட்சியகம் ஆகியோரின் தொலைபேசி எண்கள், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஆனது என்ற குறிப்பு, சுவரில் விடை கிடைக்காமல் மிஞ்சிய கேள்விகள் ஆகியவற்றோடு பள்ளி அலமாரியில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பு அங்கிருந்து தொடங்கிக்கொள்ளும்.